பால்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சருக்கு: ஒரு நாளை எப்படி நடத்துவது

அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் கேட்பது, "பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்?" என்பதுதான். பயிற்சியில் பாடத்திட்டம் கொடுத்திருப்பார்கள், மாதத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும், சுவரில் மாட்டப் படங்களும் வந்திருக்கும். இருந்தாலும் முதல் நாள் பிள்ளைகள் முன்னால் உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாது. என்னைக் கேட்டால், புதிதாக ஒன்றைத் தேடிப் போகவே வேண்டாம். செருப்பைக் கழற்றுவது, கை கழுவுவது, தட்டு எடுத்து வைப்பது, முட்டை உரிப்பது, மண்ணில் குழி தோண்டுவது, சண்டை போட்டுக்கொண்டு அப்புறம் சேர்ந்துகொள்வது எல்லாம் எப்படியும் தினமும் நடக்கிறது, மூன்று வயதுக் குழந்தை கற்றுக்கொள்வதில் பெரும்பங்கு அதற்குள்ளேதான் நடக்கிறது. அவற்றை அவசரப்படாமல், பிள்ளையோடு பேசிக்கொண்டே செய்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டு அங்கன்வாடியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அங்கன்வாடிகள் இயங்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியதிலிருந்தே ஊட்டச்சத்து, தடுப்பூசி இவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் பகுதிதான். ஆனால் எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு, செல்போனில் பதிவேற்றம் என்று வேலை குவியும் நாளில் முதலில் விட்டுப்போவது முன்பருவக் கல்வி. அதனால்தான் அதை ஒரு தனி பீரியடாக வைக்காமல், விடவே முடியாத வேலைகளுக்குள் வைத்துவிடுங்கள் என்று சொல்கிறேன்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பு அறையைப் பாருங்கள்

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். படங்கள் உங்கள் கண் உயரத்தில் மாட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு அவை தெரியாது, கீழே இறக்குங்கள். விளையாட்டுச் சாமான்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் எடுத்து வெளியே வையுங்கள், உடையட்டும், அதற்காக வந்தவைதானே. கொட்டாங்குச்சி, காலி தீப்பெட்டி, பெரிய மூடிகள், பழைய புடவைத் துண்டு, மரக்கரண்டி, சின்னச் சின்னப் பாத்திரங்கள் இவையே போதும். நாலைந்து மூலைகளாகப் பிரித்து வையுங்கள்: ஒரு பக்கம் அடுக்கும் கட்டைகள், ஒரு பக்கம் சொப்புச் சாமான், ஒரு பக்கம் படப்புத்தகங்கள், வாசல் பக்கம் மணலும் தண்ணீரும்.

ஆபத்தான பொருள்களில் மட்டும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணிப் பழக விதைகள் கொடுக்கிறோம், அதில் குன்றிமணி இருக்கவே கூடாது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான், வேலியோரம் அரளி இருந்தால் அதன் காய், இலை, பூ எதுவும் பிள்ளைகள் கைக்கு வரக்கூடாது. புளியங்கொட்டை, சோழி போன்ற சின்னப் பொருள்களை இன்னும் வாயில் வைத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், பெரிய பிள்ளைகளுக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கொடுங்கள். வட்டமான பட்டன் பேட்டரி, வெடித்த பலூன் துண்டு, முழு வேர்க்கடலை இவையும் வேண்டாம். வாளியில் நாலு விரல் உயரம் தண்ணீர் இருந்தாலே குழந்தை மூழ்கிவிடும் என்பதால் தண்ணீர் விளையாட்டு முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

முதல் வாரம் அழுகைதான்

புதுப் பிள்ளை அழும். அதை நிறுத்துவது உங்கள் முதல் வேலை என்று நினைக்காதீர்கள், உங்களை நம்ப வைப்பதுதான் முதல் வேலை. பல அம்மாக்கள் பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போய்விடுவார்கள், நம் ஆட்களே "அப்படியே போயிடுங்கம்மா" என்று ஜாடை காட்டுவார்கள். இது வேண்டாம். திரும்பிப் பார்த்து அம்மா இல்லை என்றால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை முந்தானையை விடவே விடாது. "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லி, கையசைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். குழந்தைக்கு மணி தெரியாது, சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் புரியும். சொன்னபடி வரவேண்டும், அதையும் அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

முதல் சில நாள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். தினமும் ஒரே ஆள் வாசலில் நின்று கூப்பிடுவது நல்லது, நீங்களோ உதவியாளர் அக்காவோ யாராவது ஒருவர். வீட்டுத் துணி ஒன்றோ பொம்மையோ கையில் இருந்தால் பிடுங்காதீர்கள். "அழாதே, போலீஸ் வரும்", "அழுதா அம்மா வரமாட்டாங்க" என்ற பேச்சு உங்கள் கட்டிடத்துக்குள் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

வந்து சேரும் நேரம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் கொடுங்கள்: மயில், படகு, குடை, மாங்காய். அந்தப் படமும் கீழே பெயரும் எழுதிய அட்டை ஒன்று. வந்தவுடன் தன் அட்டையை எடுத்துச் சுவரில் மாட்டும் வேலை அவர்களுடையது. முதலில் படத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், சில மாதங்களில் சிலர் பெயரின் வடிவத்தையே அடையாளம் காண்பார்கள், நீங்கள் எழுத்து என்று ஒன்றுமே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டீர்கள். மாட்டாமல் மிச்சம் இருக்கும் அட்டைகளைக் காட்டி "யாரெல்லாம் வரல?" என்று கேளுங்கள். வருகைப் பதிவும் முடிந்தது, எண்ணிக்கையும் வந்தது, வராத பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று மற்றவர்கள் விசாரிக்கும் பழக்கமும் வந்தது.

செருப்பை ஜோடி ஜோடியாக வைக்கச் சொல்லுங்கள். வலது, இடது, பெரியது, சின்னது என்று நாலு வார்த்தை அங்கேயே வந்துவிடும்.

வட்டமாக உட்காருவது

பத்து நிமிடம் போதும். மூன்று வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் கை கட்டி உட்கார வைத்தால் அது உட்காருவதை மட்டும்தான் கற்றுக்கொள்ளும். ஒரு பாட்டு, வானம் இன்று எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை, யாராவது ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்வது, அவ்வளவுதான்.

இங்கே புதியவர்களுக்குச் சொல்ல வேண்டியது கேள்வி கேட்பதைப் பற்றி. "இது என்ன கலர்?" என்று கேட்டால் "சிவப்பு" என்று எல்லாரும் கோரஸாகக் கத்துவார்கள், பேச்சு அதோடு முடிந்தது. "இந்த மாங்காய் ஏன் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஐந்தாறு விநாடி அமைதியாக இருப்பது டீச்சருக்குத்தான் கஷ்டம், பிள்ளை அந்த நேரத்தில் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும். தப்பாகச் சொன்னாலும் "இல்ல" என்று வெட்டாமல் "அப்படியா, எப்படித் தெரிஞ்சுது?" என்று தொடருங்கள். "நேத்து நான் வாந்தியா எடுத்துட்டு" என்று பிள்ளை சொன்னால் இலக்கணம் திருத்த வேண்டியதில்லை, "ஐயோ, நேத்து வாந்தி எடுத்தியா? இப்ப வயிறு சரியாயிடுச்சா?" என்று சரியான வாக்கியமாக நீங்கள் திருப்பிச் சொன்னாலே காதில் ஏறிவிடும்.

வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் பிள்ளைகள் இப்போது பல மையங்களில் இருக்கிறார்கள். தண்ணீர், பசி, வலி, அம்மா, பாத்ரூம் ஆகியவற்றுக்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று முதல் நாளே வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் தானாக வந்துவிடும். அவசரத்துக்கு வார்த்தை கிடைக்காமல் உடையை நனைத்துக்கொண்டு கூனிக் குறுகி நிற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

விளையாட்டு நேரத்தில் நீங்கள் என்ன செய்வது

மூலைகளில் பிள்ளைகள் தாங்களாக விளையாடும் நேரம் குறைந்தது முக்கால் மணி நேரமாவது இருக்கட்டும். இதைச் சும்மா இருக்கும் நேரம் என்று நினைத்துப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உட்காருபவர்கள் உண்டு. வேலைச் சுமை எனக்கும் தெரியும், ஆனால் அதில் பாதி நேரமாவது தரையில் இருங்கள்.

முதலில் பாருங்கள், அப்புறம் சேருங்கள். சொப்புச் சாமானில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் "இது எத்தனை கிண்ணம், சொல்லு" என்று பரீட்சை வைத்தால் விளையாட்டு கலைந்துவிடும். "எனக்குக் கொஞ்சம் ரசம் கிடைக்குமா?" என்று கேட்டால் நீங்களும் விளையாட்டுக்குள் வந்துவிட்டீர்கள், "காரம் வேணுமா?", "ரெண்டு கரண்டி போதுமா?" என்று பேச்சு அதுவாகவே வளரும். கட்டை அடுக்கிக் கோபுரம் கட்டும் பிள்ளையிடம், விழுந்தவுடன் "அடடா" என்று நீங்களே சரிசெய்யாதீர்கள். பெரிய கட்டை கீழே, சின்னது மேலே என்பதை அந்தப் பிள்ளை நாலு முறை விழவைத்துத்தான் தெரிந்துகொள்ளும்.

தண்ணீருக்கும் மணலுக்கும் ஈடு எதுவும் இல்லை. இரண்டு டம்ளர், ஒரு சொம்பு, ஒரு புனல், ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி இருந்தால் போதும். நிறைந்தது, பாதி, காலி, வழிகிறது என்று எல்லா வார்த்தையும் வரும். இலை, கல், மூடி, சாவி, தக்காளி இவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடும் முன் "மிதக்குமா, முங்குமா?" என்று சொல்லவைத்துவிட்டு அப்புறம் போடச் சொல்லுங்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, மேசை துடைப்பது எல்லாமே பாடம்தான். விலை உயர்ந்த மரச்சாமான்கள் இருந்தால்தான் அந்த முறை என்று இப்போது ஆகிவிட்டது எனக்கு வருத்தம், ஒரு சொம்பிலிருந்து சிந்தாமல் டம்ளரில் ஊற்றப் பழகும் பிள்ளை நம் மையத்திலும் அதையேதான் செய்கிறது. சிந்தினால் திட்டாமல் துணியைக் கையில் கொடுங்கள்.

வெளியே விளையாட, வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். கண்ணாமூச்சி, பூப்பறிக்க வருகிறோம், குலைகுலையா முந்திரிக்கா, கோட்டின் மேல் நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது போதும். இடம் இல்லாத மையமாக இருந்தால் வாசல் நிழலும் தெருமுனை வேப்பமரமும் உங்கள் மைதானம், ஆனால் சாலையோரம் என்றால் பெரியவர்கள் இருவராவது கூட இருக்கவேண்டும்.

கை கழுவுவது, சாப்பாடு

நாளின் மிக நல்ல பாடம் இதுதான், ஆனால் பெரும்பாலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓட்டிவிடுகிறோம்.

கை கழுவுவதில் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம் என்று உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே 20 விநாடி தேய்க்கவேண்டும். ஒரு சின்னப் பாட்டை அந்த நேரத்துக்குச் சரியாக வரும்படி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது குழாயை மூடிவைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

தினமும் இரண்டு பிள்ளைகள் தட்டு வைக்கட்டும். ஆளுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டே வரும்போது மூன்று பேருக்கு இல்லாமல் போகும், "இன்னும் எத்தனை வேணும்?" என்று கேட்டால் சிலர் ஒன்றொன்றாக எடுத்துவருவார்கள், ஒரு பிள்ளை நேராகப் போய் மூன்று எடுத்துவரும். ஒன்று, இரண்டு என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அங்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஐந்து தட்டு எடுத்துவரச் சொன்னால் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவதை நிறையப் பார்க்கலாம்.

முட்டை கொடுக்கும் நாளில் உரித்துக் கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் குளிர்ந்த நீரில் போட்டு எடுத்துக் கையில் கொடுத்து, தட்டி, உருட்டி, விரல்நுனியால் ஓட்டை எடுக்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கத் தேவையான அதே விரல் வேலைதான் இது, பிள்ளைகளும் ஆசையாகச் செய்வார்கள். முழுசு, பாதி, கால், வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று பேசலாம். முதல் மாதம் நேரம் பிடிக்கும், உதவியாளர் அக்கா சலித்துக்கொள்வார், பொறுங்கள், போகப்போக எல்லாரும் தாங்களே உரிப்பார்கள். முருங்கைக்கீரை ஆய்வதும், தை மாதத்தில் மொச்சை உரிப்பதும் அப்படியே. தோலை விரிப்பதற்கு முன் "இதுக்குள்ள எத்தனை இருக்கும்?" என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு எண்ணலாம். மொச்சையை மூக்கில் திணித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, கண் அங்கேயே இருக்கட்டும். கத்தி, அடுப்பு, கொதிக்கும் பாத்திரம் இருக்கும் பக்கம் பிள்ளைகள் வரவே கூடாது.

ஊட்டிவிடுவதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சிந்தும். "இன்னும் கொஞ்சம் வேணும்", "போதும்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும், போதும் என்று சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பென்சில் எப்போது?

இதில்தான் பெற்றோரோடு உங்களுக்கு உரசல் வரும். விஜயதசமி அன்று அரிசியில் "அ" எழுதவைத்துக் கூட்டிவந்திருப்பார்கள், அடுத்த வாரமே நோட்டு நிறைய எழுத்து எதிர்பார்ப்பார்கள். பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றாக எலும்பாக மாறப் பல வருடம் ஆகும். மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகளால் வட்டம் வரைய முடியும், நான்கு வயதையொட்டிக் கூட்டல் குறி வரும், அப்புறம் சதுரம், முக்கோணம் வர ஐந்து வயதுகூட ஆகலாம். கூட்டல் குறியே வராத கையைப் பிடித்து "ஃ" வரை எழுதவைப்பதில் என்ன இருக்கிறது? தோளிலிருந்து விரல் வரை கைக்கு வேலை கொடுங்கள்: களிமண் பிசைவது, துணி பிழிவது, ஈர மணலில் விரலால் கோடு, சாக்பீஸால் தரையில் பெரிய பெரிய வட்டம், புள்ளி வைத்துக் கோலம். நாலரை, ஐந்து வயதில் தயாராக இருக்கும் பிள்ளைக்கு முதலில் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் எளிது, இ, ஐ, ஞ எல்லாம் சுற்றிச் சுற்றி வருபவை, அவை பொறுத்துக்கொள்ளட்டும். ஆர்வமாகத் தானே எழுதும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

கதை

ஒரே கதையைப் பத்து நாள் சொல்லலாம், பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். முதல் நாள் முழுக்க நீங்கள் சொல்லுங்கள், மூன்றாம் நாள் ஒரு வரியைப் பாதியில் நிறுத்துங்கள், அவர்கள் முடிப்பார்கள், ஒரு வாரத்தில் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள். புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, வரியை விரலால் காட்டிக்கொண்டே வாசியுங்கள். புத்தகத் தமிழ் புரியாத இடத்தில் உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு மறுபடி புத்தக வரிக்கு வாருங்கள். கடைசியில் நீதி கேட்காதீர்கள். "நரி அப்புறம் எங்க போயிருக்கும்?" என்று கேளுங்கள்.

சண்டை, கடி, பிடுங்கல்

இந்த வயதில் இது இயல்பு. முதலில் அடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள், அப்புறம் அடித்த பிள்ளையிடம் அதே உயரத்துக்குக் குனிந்து, "அந்த வண்டி உனக்கு வேணும், அதான் கடிச்சுட்ட. கடிச்சா வலிக்கும். எனக்குக் குடுன்னு கேளு" என்று வார்த்தையை எடுத்துக் கொடுங்கள். "சாரி சொல்லு" என்று அதட்டி வாங்கும் சாரியால் பயனில்லை, ஈரத்துணி எடுத்துவந்து கொடுக்கச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குத் தான் செய்தது புரியும். அடிப்பது, கிள்ளுவது, மூலையில் நிற்கவைப்பது, மற்றவர் முன்னால் கேலி செய்வது எதுவும் கூடாது. ஒரு பிள்ளையின் உடம்பில் காரணம் தெரியாத காயத்தையோ, திடீரென்று ஒருவரைக் கண்டு மிரளுவதையோ பார்த்தால் மூடி மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்த நேரமும் இயங்குகிறது.

மதியத் தூக்கம் வராத பிள்ளையைப் படுக்கச் சொல்லி மிரட்டவேண்டாம், ஒரு படப்புத்தகத்தோடு பக்கத்தில் இருக்கட்டும்.

சின்ன நோட்டு

தினமும் இரண்டு பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தேதி போட்டு, பார்த்ததை ஒரு வரி எழுதுங்கள். "நல்ல பையன்", "மந்தம்" என்று தீர்ப்பு எழுதாமல், "தட்டு மூன்று குறைகிறது என்று தானே சொன்னாள்", "கூப்பிட்டால் இடது பக்கம் மட்டும் திரும்புகிறான்" என்று கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள். கூட்டிப்போக வரும் அம்மா "இன்னிக்கு என்ன எழுதினான்?" என்று கேட்டால் சொல்வதற்கும் இது உதவும்: "இன்னிக்கு முட்டையைத் தானே உரிச்சான், நாலு பேருக்குத் தட்டு வச்சான், வீட்லயும் வைக்கச் சொல்லுங்க."

அந்த நோட்டு இன்னொரு வகையிலும் பயன்படும். மூன்று வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது, கூப்பிட்டால் திரும்பாதது, மற்ற பிள்ளைகளை ஏறிட்டும் பார்க்காதது, முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விடுவது, படத்தை மூக்கருகே வைத்துப் பார்ப்பது, இவையெல்லாம் திரும்பத் திரும்ப நோட்டில் வந்தால் காத்திருக்கவேண்டாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்கிரமம் என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரவேண்டும், அவர்கள் வரும் நாளில் இந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். அதற்கு நாள் இருக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டச் சொல்லுங்கள், அங்கிருந்து மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயர் எதையும் நீங்களாகச் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல வேண்டியது மருத்துவர். தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை நன்றாகச் செய்யும் இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிட்டு, "இந்தத் தேதியில, இந்த நேரத்துல இப்படி இருந்தான், ஒரு தடவை காட்டிடலாம்மா, தேவைப்பட்டா நானும் கூட வர்றேன்" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள்.